26க்கும் 21க்கும் இடையில்: தொலைநிலையில் வரலாறு பயின்ற ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் கற்றல் மையத்தில், இளங்கலை வரலாறு பயில்வோருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலோசனை வகுப்பு எடுத்து வருகிறேன். நான் இங்கே எழுதப்போகும் மாணவி காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரின் நியாயவிலைக் கடையில் விற்பனையாளர், வயது 38, மேல்நிலைப் பள்ளியோடு நின்றுபோன படிப்பை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத் தொடர வந்தவர். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் அவர் கேட்டுக்கொண்டபடி விட்டுவிட்டேன்.

சோழர் காலத்துக்கு மிகுந்த இடம் தரும் தென்னிந்திய வரலாற்றுத் தாளில், முதல் முறை அவர் ஒப்படைப்புகளுக்கு 30க்கு 26 பெற்றார். இறுதித் தேர்வில் 70க்கு 21 பெற்றார். தேர்வில் தேற 28 வேண்டும். அதே தாளை அவர் மீண்டும் எழுதியபோது ஒப்படைப்பில் 22, தேர்வில் 45. ஒப்படைப்பில் நான்கு மதிப்பெண் இறங்கியவருக்குத் தேர்வில் 24 மதிப்பெண் ஏறியது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. அதற்குள் போகுமுன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும்: முதல் முறை அந்த 26ஐப் போட்டவன் நான்தான்.

படிப்பின் சூழல்

இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அந்த வழியில் இறங்கின. 1982இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றியபின், அஞ்சலில் வரும் பாடங்களின் இடத்தைத் தற்கற்றல் பாடநூல் என்னும் புதிய வகை நூல் பிடித்தது. ஆசிரியர் நூலுக்குள்ளேயே இருந்து கற்பிக்க வேண்டும் என்பது அதன் கோட்பாடு. அலகின் தொடக்கத்தில் நோக்கங்கள் இருக்கும். இடையிடையே 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்' என்று சிறு வினாக்களும், கடைசியில் அவற்றுக்கு விடைக்குறிப்பும் இருக்கும். கணக்கியலுக்கும் கணினிக்கும் இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்துகிறது. வரலாற்றுக்கு அது எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கிரெடிட் ஒன்றுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது திறந்தநிலைக் கல்வியின் கணக்கு. இந்தத் தாள் 6 கிரெடிட். ஆகவே 180 மணி நேரம். அதில் ஆலோசனை வகுப்பு 18 மணி நேரம் மட்டுமே. மீதி 162 மணி நேரமும் மாணவர் தனியே, பெரும்பாலும் வீட்டார் உறங்கியபின், எவரிடமும் கேட்க வழியின்றிப் படிக்கும் நேரம். அந்தப் 18 மணி நேரத்தையும் இவரால் முழுமையாகப் பெற முடியவில்லை. மாதத்தின் முற்பாதியில் கடையில் கூட்டம் மிகுதி. அந்நாட்களில் ஞாயிறும் கடை திறக்க வேண்டும், அதற்கு ஈடாக வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைக்கும். எங்கள் வகுப்புகளோ ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. வெள்ளிக்கிழமை ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்திருக்கிறோம் என்பதை, அவர் தோற்றபின்னர்தான் நாங்கள் அறிந்தோம்.

நேரம் குறைவு, வகுப்புக்கு வர முடியவில்லை, வயது கூடிவிட்டது என்று தோல்விக்குக் காரணம் அடுக்குவது எளிது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் தம் படிப்பு நேரத்தைக் கடையின் பழைய நாட்குறிப்பு ஒன்றில் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பின்படி, முதல் முறை அந்தத் தாளுக்கு அவர் செலவிட்ட நேரம் 140 மணிக்கு மேல். வென்ற இரண்டாம் முறையோ 100 மணியை எட்டவில்லை. இரண்டாம் முறைக்கு முதல் முறையின் படிப்பும் துணை நின்றது என்பது உண்மையே. எனினும் உழைப்புக் குறைவு என்ற விளக்கம் இந்த எண்களுக்கு முன் நிற்காது.

தோற்ற விடைத்தாள்

அவர் கட்டணம் செலுத்தி விடைத்தாளின் நகலைப் பெற்றுவந்தார். தோற்றவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பார்கள், அல்லது அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு அதே புத்தகத்தை அதே முறையில் மறுபடியும் படிப்பார்கள். நகல் கையில் இருந்ததால்தான் இந்த ஆய்வே இயன்றது.

தேர்வு மூன்று மணி நேரம். ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 14 மதிப்பெண். அவர் நான்கு வினாக்களுக்கு மட்டுமே விடை எழுதியிருந்தார். முதல் விடை மட்டும் ஒன்பது பக்கம். அதற்காகக் கூடுதல் தாள் வாங்கியதைச் சிறிது பெருமையோடுதான் என்னிடம் சொன்னார். அந்த ஒன்பது பக்கத்துக்குக் கிடைத்தது 5 மதிப்பெண்.

வினா, சோழ அரசை மையப்படுத்தப்பட்ட பேரரசு எனக் கூறுவது எவ்வளவு பொருந்தும் என்று ஆராயச் சொன்னது. விடையில் இராசராசனின் ஆட்சிக்காலம் 985 முதல் 1014 வரை என்பது சரியாக இருந்தது. மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்ற பிரிவுகளும், வரிக்கணக்கைக் கவனித்த புரவுவரித் திணைக்களமும், கடமை, குடிமை முதலிய வரிகளும் சரியாக இருந்தன. பிறகு உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய், முதற் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு வாரியம் என்னும் குழுக்களுக்கு ஆளெடுக்கும் முறையை, ஏறக்குறைய மனப்பாடமாக எழுதியிருந்தார்: குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகள், ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், கால் வேலி நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்கு உட்பட வேண்டும் என்று எல்லாமே இருந்தன. ஒரு தகவலிலும் பிழை இல்லை. 'மையப்படுத்தப்பட்ட' என்ற சொல்தான் ஒன்பது பக்கத்தில் எங்குமே இல்லை.

அவரிடம் கேட்டேன்: "இதெல்லாம் சோழ அரசு மையப்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்றா, இல்லை என்பதற்குச் சான்றா?" சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், புத்தகத்துல ரெண்டும் அடுத்தடுத்துதானே இருக்கு" என்றார். அந்த ஒரு விடையில் நோய் முழுவதும் இருந்தது.

பாடநூலின் அந்த அலகை நான் மறுபடியும் எடுத்துப் படித்தேன். அரசன், அதிகாரிகள், வரி, படை, ஊராட்சி என்று தலைப்புத் தலைப்பாகத் தகவல்களைச் சொல்லிக்கொண்டு போய், கடைசிப் பக்கத்தில், சோழ அரசின் தன்மை குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வாக்கியம் எழுதி, மூன்று பெயர்களைக் குறிப்பிட்டு அலகை முடித்திருந்தார்கள். அந்த வாக்கியத்துக்குக் கீழே சோதனை வினா ஒன்றும் இல்லை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் கேட்பதோ பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான். நூலுக்குள் இருந்து கற்பிக்கும் ஆசிரியர் வரலாற்றில் தடுமாறும் இடம் இதுவே. தகவலை அவர் சரிபார்த்துத் தருவார். மாணவரை மறுத்துப் பேச மாட்டார். வகுப்பறையில் பின்வரிசையில் இருக்கும் ஒருவன் எழுந்து 'அதெப்படி?' என்று கேட்டுவிடுவான். அதனால் ஆசிரியரும் மற்றவர்களும் ஒரு நிலைப்பாட்டை எடுத்தே ஆகவேண்டியிருக்கும். தனியே படிப்பவருக்கு அந்தப் பின்வரிசைக்காரன் இல்லை.

அந்த 26

இனி என் பங்கு. அவருடைய முதல் ஒப்படைப்பில் இருந்த வினாவும் ஏறத்தாழ இதுவே. அழகான கையெழுத்து, சிவப்பு மையில் தலைப்புகள், அளவுகோல் வைத்து இழுத்த அடிக்கோடுகள். அன்று பிற்பகல் என் மேசையில் 60 ஒப்படைப்புகள் இருந்தன. மற்றவற்றில் பாதிக்கு மேல் நகலகங்களில் விலைக்குக் கிடைக்கும் ஆயத்த விடைகளைப் பார்த்து எழுதியவை. ஒரே எழுத்துப்பிழை பத்துப் பேரிடம் ஒரே வரியில் வந்திருந்தது. அவற்றுக்கிடையே, பாடநூலைத் தாமே படித்துத் தாமே எழுதிய ஒருவரைக் கண்டதும் மகிழ்ந்து, விடை வினாவுக்கு உரியதுதானா என்று பாராமலே மதிப்பெண் போட்டேன். கருத்துரைக்கான கட்டத்தில் 'நன்று' என்று எழுதினேன்.

தொலைநிலைக் கல்வியில் ஆசிரியரின் குரல் மாணவரைத் தனிப்பட்ட முறையில் சென்றடையும் இடம் அந்தக் கட்டம் ஒன்றுதான். அந்தச் சொல்லை நம்பி அவர் அதே விடையை மேலும் ஐந்து பக்கம் வளர்த்துத் தேர்வில் எழுதியிருக்கிறார். ஒப்படைப்பில் 26 வாங்கியவர் தேர்வில் 21 வாங்கினால், அவர் தேர்வறையில் பதறிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒப்படைப்பைத் திருத்தியவர் பக்கம் பார்வை போவதே இல்லை.

இருப்புப் பதிவேடு

தீர்வு என்னிடமிருந்து வரவில்லை. நான் சொன்னதெல்லாம், அடுத்த முறை வரும்போது ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, ஆம் என்பதற்கு எவை சான்று, இல்லை என்பதற்கு எவை சான்று என்று பிரித்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான். அவர் கொண்டுவந்தது நியாயவிலைக் கடையின் இருப்புப் பதிவேட்டின் வடிவில் கோடு போட்ட ஒரு நோட்டு. கடையில் தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, இறுதி இருப்பு என்று நான்கு பத்திகள் இருக்கும். தொடக்க இருப்பு என்ற பத்தியில், பாடநூலைத் திறக்குமுன் அந்த வினாவைப் பற்றித் தாம் என்ன நினைத்திருந்தார் என்பதை எழுதியிருந்தார். வரவில் அந்த நினைப்பை வலுப்படுத்தும் சான்றுகள். எதிர்ப்பத்தியான விற்பனையில், அதைக் குறைக்கும் சான்றுகள். இறுதி இருப்பில் மிஞ்சும் கருத்து. 'இருப்பு உதைத்தால் எங்கோ பதியாமல் விட்டிருக்கிறோம்' என்பது அவருடைய தொழிலின் பழக்கம். கணக்கு நேராகும்வரை உறக்கம் வராது. அந்தப் பழக்கத்தை அவர் வரலாற்றுக்குக் கொண்டுவந்ததைத்தான் இந்த நிகழ்வின் திருப்பம் என்று கருதுகிறேன். படிப்பில் கெட்டிக்காரர்கள் பலருக்கு நான் இதே அறிவுரையைச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இரண்டு பத்தி போட்டுத் தகவல்களை நிரப்பினார்களே தவிர, இறுதி இருப்பு என்று ஒரு பத்தி வேண்டும் என அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதல் பதிவு உத்திரமேரூர். தொடக்க இருப்பில், 'சோழர் காலத்தில் ஊர் மக்களே ஆண்டார்கள். மக்களாட்சி' என்று எழுதியிருந்தார். இந்த எண்ணம் அவருடையது மட்டுமன்று. மேடைகளிலும் பள்ளி நூல்களிலும் கேட்டுக் கேட்டு நம் எல்லாரிடமும் ஊறியிருப்பது. எதிர்ப்பத்தியில் அவர் முதலில் பதிந்தவை இரண்டு: உத்திரமேரூர் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊர், ஆகவே அதன் சபை எல்லா ஊருக்கும் மாதிரி ஆகாது, நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. மூன்றாவதை அவர் தாமே கண்டுபிடித்தார். விதிகளை வகுத்தது சபை என்று நாம் சொல்கிறோம். ஆனால் கல்வெட்டோ, அரசனின் ஆணை வந்ததையும், அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருக்கவே சபை கூடி முடிவு செய்ததையும் சொல்கிறது. "அதிகாரி எதுக்கு சார் வந்து உக்காரணும்? எங்க சங்கத்துல பொதுக்குழு கூடினாலும் துறையிலிருந்து ஒருத்தர் வந்து உக்காருவார், தீர்மானம் நாங்க போட்டதாத்தான் எழுதுவோம்" என்றார். ஒரே கல்வெட்டை ஊர்த் தன்னாட்சிக்கும் சான்றாக வைக்கலாம், மைய அரசின் கைநீளத்துக்கும் சான்றாக வைக்கலாம் என்பதை அவர் அன்று பிடித்துக்கொண்டார். முந்தைய ஒன்பது பக்கத்தில் அடுத்தடுத்து அமைதியாகக் கிடந்த தகவல்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கியது அப்போதுதான்.

இரண்டு வரலாற்றாசிரியர்களை மோதவிடுதல்

பின்வரிசைக்காரன் இல்லாத குறையை எப்படித் தீர்ப்பது? ஒன்றை ஒன்று மறுக்கும் இரண்டு ஆய்வாளர்களைச் சேர்த்துப் படிப்பதே வழி என்று தோன்றியது. அலகின் கடைசி வாக்கியத்தில் இருந்த மூன்று பெயர்களைத் திறந்துபார்த்தோம்.

நீலகண்ட சாஸ்திரி, சோழர் அரசை வலுவான அதிகார அமைப்புக் கொண்ட முடியாட்சியாகவும், அதே வேளையில் ஊரளவில் துடிப்பான தன்னாட்சி உடையதாகவும் வரைந்தார். அமெரிக்க ஆய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் அதை ஏற்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுதால் வகுத்த கூறாக்க அரசு என்ற கருத்தைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து, நாடு என்னும் சிறு வட்டாரங்களே உண்மையான அதிகார மையங்கள் என்றும், சோழனின் நேரடி ஆட்சி மையப் பகுதிக்கு அப்பால் பெரும்பாலும் சடங்கு வகையிலான மேலாண்மையாகவே இருந்தது என்றும் வாதிட்டார். அவருடைய பெருநூல் 1980இல் வந்தது. மூன்றாம் பெயருக்குரிய நொபொரு கராஷிமாவும், அவரோடு சேர்ந்து ஆய்ந்த எ. சுப்பராயலுவும் அதை வேறொரு வழியில் எதிர்கொண்டார்கள். ஒன்றிரண்டு கல்வெட்டுகளை மேற்கோள் காட்டுவதற்கு மாறாக, ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் வரிச்சொற்களையும் அதிகாரிகளின் பட்டங்களையும் எண்ணிப் பார்த்தார்கள். எந்த அரசன் காலத்தில், எந்த வட்டாரத்தில், எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டு, இராசராசன் காலந்தொட்டு மையப்படுத்தும் முயற்சி வலுத்ததையும் பின்னாளில் அது தளர்ந்ததையும் காட்டினார்கள்.

எண்ணிப் பார்ப்பது என்ற செய்தி நம் மாணவியை உடனே கவர்ந்தது. ஸ்டைனைப் படிப்பது கடினமாக இருந்தது. ஆங்கிலத்தில் நான் குறித்துக் கொடுத்த ஒன்பது பக்கங்களுக்கு அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நூல் முழுவதையும் படிக்கச் சொல்லியிருந்தால் அவர் விட்டுவிட்டுப் போயிருப்பார். எது தேவையோ அந்த ஒன்பது பக்கத்தைத் தேடிக் குறித்துக் கொடுப்பதுதான் 18 மணி நேரமே கிடைக்கும் ஆலோசகர் செய்யக்கூடிய பெரிய உதவி என்று இப்போது நினைக்கிறேன். தமிழில் படிக்க, தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் 'ஆவணம்' இதழ்கள் கிடைத்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் கைபேசியிலேயே திறந்தது.

கல்வெட்டுகளை நேரில் காணவேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துக் கோயிலுக்குப் போய், கருவறைச் சுவரையும் அதன் அடித்தளத்தையும் சுற்றிவந்தார். ஓர் எழுத்தையும் படிக்க முடியவில்லை. இது மதிப்பெண்ணுக்கு எவ்வகையிலும் உதவவில்லை என்பதைப் பதிந்துவிடுகிறேன். வரலாற்று மாணவருக்குக் களப்பயணம் எப்போதும் பயன்தரும் என்று எழுதிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. பயன்பட்டது அச்சில் வந்த கல்வெட்டுத் தொகுதி. தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகளை ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில், இராசராசன் பெரியகோயிலுக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை அளக்க வேண்டிய மரக்காலின் பெயர் ஆடவல்லான். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்ற விளக்கமும் உண்டு. நாள்தோறும் எடைத்தராசின் முன் நிற்பவருக்கு அந்த வரி எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "அளவை முத்திரை போட்டது யார் கையிலயோ அவங்க கையிலதான் அரசாங்கம் சார்" என்று ஒரு முழுப்பக்கம் வரவுப் பத்தியில் எழுதிக்கொண்டு வந்தார்.

நான் மறுத்தேன். பெரியகோயில் அரசன் தன் தலைநகரில் கட்டியது. அங்கே அரசனின் மரக்கால் இருந்தது என்பதால், தொண்டை மண்டலத்துச் சிற்றூர்க் கோயிலிலும் அதே மரக்கால் இருந்தது என்று ஆகிவிடுமா? இரண்டு வாரம் கழித்து, வேறு ஊர்க் கல்வெட்டுகளில் வேறு வேறு பெயர்களில் மரக்கால்கள் வருவதை எதிர்ப்பத்தியில் பதிந்துகொண்டு வந்தார். இறுதி இருப்பு இப்படி மாறியிருந்தது: சோழ அரசு மையப்படுத்த முயன்றது, அந்த முயற்சி காவிரிப் படுகையில் ஆழமாகவும், தொலைவில் மேலோட்டமாகவும், காலத்துக்குக் காலம் கூடியும் குறைந்தும் இருந்தது. இந்த முடிவு புதியதன்று. ஆனால் இதை அவர் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. கணக்கு உதைத்தபோதெல்லாம் பதிவேட்டைத் திருத்தித் திருத்தி வந்து சேர்ந்த இடம் அது. அதனால் வினாவை எப்படித் திருப்பிப் போட்டாலும் அவரால் அதிலிருந்து விடை எழுத முடிந்தது.

கராஷிமாவின் பழைய கட்டுரையொன்றில் வரும் அல்லூரும் ஈசானமங்கலமும் அவருக்கு இன்னொரு பதிவாயின. திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் அருகருகே இருந்த இவ்விரு ஊர்களில், பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், வேளாளர் ஊரான அல்லூரில் ஊரின் பொதுவாகவும் இருந்ததைக் கல்வெட்டுகளைக் கொண்டு கராஷிமா காட்டினார். உத்திரமேரூரை எல்லா ஊருக்கும் மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அவருக்குக் கிடைத்திருக்காது.

நேரமும் கையும்

இரண்டாம் முறை அவர் ஆறு மாதத்தை மாதம் மாதமாகப் பகுக்காமல், கடையின் சுழற்சிக்கேற்பப் பகுத்துக்கொண்டார். மாதத்தின் முற்பாதியில் படிப்பு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் வாசிப்பு மட்டும். பிற்பாதியில் எழுத்து. எந்த அலகையும் முழுதாகப் படித்து முடிக்கும்வரை எழுதக் காத்திருப்பதில்லை என்பதை அவர் விதியாகவே வைத்துக்கொண்டார்: முதலில் வினா, பிறகு தொடக்க இருப்பு, அதன்பின்னரே புத்தகம். முதல் முறை அவருடைய 140 மணி நேரத்தில் எழுதிய நேரம் ஒப்படைப்புகளுக்கு உரியது மட்டுமே. இரண்டாம் முறை பாதிக்கு மேல் எழுத்து.

தேர்வறை உத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வினா, மூன்று மணி நேரம். ஒன்றுக்கு 33 நிமிடத்துக்கு மேல் கிடையாது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எழுதிப் பழகாத கை முக்கால் மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கிவிடும் என்பதால், தேர்வுக்கு முந்தைய ஐந்து வெள்ளிக்கிழமைகளில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகினார். ஒவ்வொரு விடையின் முதல் வாக்கியத்திலும் வினாவின் சொல்லே வர வேண்டும் என்பது நான் இட்ட ஒரே கட்டளை. இம்முறை ஐந்து வினாக்களுக்கும் விடை இருந்தது. கூடுதல் தாள் வாங்கவில்லை.

ஒப்படைப்பில் 22 மட்டுமே வந்ததற்குக் காரணம், இம்முறை நான் படித்துவிட்டு மதிப்பெண் போட்டேன் என்பதுதான். பக்க ஓரத்தில் 14 இடங்களில் கேள்வி எழுதியிருந்தேன். அவர் முகம் சுருங்கியதை மறைக்க முடியவில்லை. 26 வாங்கியவர் அல்லவா. ஆனால் அந்த 14 கேள்விகளில் ஒன்பதுக்குத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் விடை கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த முறையின் எல்லை

ஒருவரைப் பற்றிய ஆய்வைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாது. இதே பதிவேட்டு முறையை அடுத்த அணியில் நால்வருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவருக்கு நன்றாக உதவியது. இருவர் நான்கு பத்தியையும் பாடநூலிலிருந்தே நிரப்பினார்கள். தொடக்க இருப்பில்கூடப் புத்தகத்தின் வாக்கியம்தான் இருந்தது. 'நீங்கள் என்ன நினைத்திருந்தீர்கள்?' என்ற கேள்விக்குத் தாம் நினைத்ததையே எழுதலாம் என்ற துணிவு அவர்களுக்கு வரவில்லை. பள்ளியில் அதற்கு யாரும் மதிப்பெண் தந்ததில்லை. நான்காமவர் இடையில் நின்றுவிட்டார். அவருடைய காரணம் படிப்பைச் சார்ந்ததன்று.

விவாதத்துக்குரிய வினாக்களுக்குத்தான் இந்த முறை பொருந்தும் என்பதையும் பார்த்தேன். வரலாற்றுவரைவியல் தாளில், கருத்துகளின் வரலாற்றையே கற்க வேண்டியிருக்கும்போது, நான்கு பத்தி நம் முதல் மாணவிக்கே போதவில்லை. அங்கே அவர் எடுத்தது 33, அதுவும் தடுமாறித்தான். ஆங்கில நூல்களின் சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. சோழர் அரசைப் பற்றிய விவாதத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் படிக்கும் மாணவருக்கு அது அலகின் இறுதியில் ஒரு வாக்கியமாகவே வந்து சேர்கிறது. அந்த வாக்கியத்தை விரித்து, இருதரப்புச் சான்றுகளையும் எதிரெதிரே வைத்து ஓர் அலகு எழுதப்பட்டால், எங்கள் மையத்துக்கு வரும் பலருக்கு ஆலோசகரே தேவைப்பட மாட்டார்.

கற்றல் மையம் இப்போது மாதத்தில் இரண்டு வகுப்புகளை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றியிருக்கிறது. கடைசியாக அவர் அனுப்பிய ஒப்படைப்பு வேறு தாளுக்குரியது. ஆனால் அதனோடு ஒரு துண்டுத்தாளை இணைத்திருந்தார். உத்திரமேரூரில் 919இல் பொறித்த விதியில் வாரியத்துக்கு நிற்பவரின் வயது 30 முதல் 60 வரை. 921இல் அதுவே 35 முதல் 70 வரை. 'இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள் என்றால், முதல் தேர்தலில் ஏதோ நடந்திருக்கிறது. பதியாமல் விட்டது என்ன, சார்?' என்று எழுதியிருந்தார். கருத்துரைக் கட்டத்தில் எழுதுவதற்காக நான் இன்னும் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.